எழுந்தாச்சா சார்?

“உங்களை யாரு கூப்பிட்டா?”

அக்காள் மகள் கேட்ட கேள்வி, கூடத்தில் கிடத்தப்பட்டிருந்த அக்காளைத் தவிர அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. வாசலில் நாற்காலி பிரித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் கையில் பாதி பிரிந்த நாற்காலியோடு அப்படியே நின்றார்கள்.

“அக்கா செத்ததுக்குத் தம்பிக்குப் பத்திரிகை அடிச்சுக் குடுப்பாங்களா? நானாத்தான் வந்தேன்,” என்றார் டைம்கீப்பர்.

“உயிரோட இருந்தப்போ வர்றதுக்கு மட்டும் கால் வலிச்சுதா?”

“மரியாதையா பேசு. நான் உன் தாய்மாமன்.”

“தாய் இருந்தவரைக்கும் மாமன் எங்க போயிருந்தீங்க?”

பதில் இல்லாதவர்கள் செய்வதை டைம்கீப்பரும் செய்தார். குரலை உயர்த்தினார்.

“என்னை இல்லாதவனாக்கினது உங்கம்மா. வாயால சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல. அச்சடிச்சு, போட்டோ போட்டு! அப்புறம் மனசு உறுத்தி ஒரு நாள் என் வீட்டுக்கு எதிர்ல வரைக்கும் வந்தா, தெரியுமா உனக்கு? ரொட்டிக்கடை வாசல்ல நின்னா. யாரோ ஆம்பளை செருப்பை மாட்டிக்கிட்டு, தலை கலைஞ்சு. நான் என் கண்ணால பார்த்தேன். மன்னிப்புக் கேக்க வாய் வரல. அப்படியே திரும்பிப் போயிட்டா.”

“எங்கம்மா உங்க தெருப் பக்கமே வரல. அவங்க முகத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு பொய் சொல்லாதீங்க மாமா.”

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய், குடும்பத்தாருக்கென்று போட்டிருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தாள். இன்னொன்றில் தன் கைப்பையை வைத்தாள். வைத்தது பை என்றாலும் அதற்கு அர்த்தம் என்ன என்று கூடத்தில் எல்லோருக்கும் புரிந்தது. டைம்கீப்பர் வெளியே வந்து, செருப்புகள் குவிந்து கிடந்த ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

ரொட்டிக்கடைக் கதை தெருவுக்குப் புதிதல்ல. அவர் அதை முடிதிருத்தும் கடையில் சொன்னார், மருந்துக் கடையில் சொன்னார், வாசலோடு போன தபால்காரரை நிறுத்தி வைத்துச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அக்காளின் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. கேட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. கடைசியாகக் கதை ஊரைச் சுற்றி அவரிடமே திரும்பி வந்தபோது அதில் அக்காள் அழுதிருந்தாள். அவரும் மறுக்கவில்லை.

அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், கடிகாரத்திலிருந்து அல்ல. இன்றைக்கும் தெருவில் பஸ் தாமதமாக வந்தால் வாசலில் நின்று ஓட்டுநரை முறைப்பார். கல்யாணம் ஆகவில்லை. ஒரு இடத்தில் பேச்சு கூடி வந்தது. பெண் வீட்டார் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்று எழுந்து வந்துவிட்டார். அவர்கள் வந்து பார்த்தபோது இவருடைய நாற்காலி இன்னும் சூடாக இருந்ததாம்.

அக்காள் சமுதாயக் கல்லூரியில் டெலிபோன் ஆபரேட்டர். கல்லூரி என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். தையல், ஏ.சி. மெக்கானிக், நர்சிங் உதவியாளர் என்று, சீக்கிரம் ஒரு வேலைக்குப் போயாக வேண்டியவர்கள் படிக்கிற இடம். அங்கிருந்த பழைய டெலிபோன் போர்டில் எந்த ஒயரை எங்கே செருகினால் யார் பேசுவார்கள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் ஓய்வு வயது தாண்டியும் அவளைக் கல்லூரி வீட்டுக்கு அனுப்பவில்லை. எல்லோரும் அவளை ஆபரேட்டரம்மா என்றார்கள். முந்தின நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்ற உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

கல்லூரிக்கு ஒரு ஊழியர் செய்திமடல் உண்டு. யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்குப் பதவி உயர்வு, யார் புது வீடு கட்டினார்கள் என்று மாதா மாதம் போடுவார்கள். தெருவில் நாங்கள் தினமும் வாயால் செய்கிற வேலையை அவர்கள் மாதம் ஒருமுறை அச்சில் செய்தார்கள், அவ்வளவுதான். அதில் ஆபரேட்டரம்மாவின் பேட்டி வந்தது. தனியாக வசிக்கிறவர்களைக் கல்லூரி ஊழியர்கள் ஆளுக்கொருவராக எடுத்துக்கொண்டு, தினமும் காலையில் போன் செய்து ‘எழுந்தாச்சா?’ என்று கேட்கிற ஒரு சேவையை அவள்தான் ஆரம்பித்து வைத்தாள். அதற்கு விருது கொடுத்தார்கள், பேட்டி போட்டார்கள்.

மடலைத் தம்பியிடம் காட்ட அவளே எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்தார்.

“‘உங்கள் குடும்பம்?’னு கேக்கறாங்க. ‘ஒரே மகள்’ங்கறே. நான் எங்க?”

அவள் வாங்கிப் பார்த்தாள். “அட ஆமா. சொன்னேன்டா. விட்டுட்டாங்க போல.”

“பிரின்சிபால் வீட்டு நாய்க்குட்டி மூணாம் பக்கத்துல இருக்கு. அதை விடல.”

“இதுக்கெல்லாமா கோவிச்சுப்பே?”

“இல்லாதவன் எப்படிக் கோவிச்சுக்க முடியும்?” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு அவள் சில முறை போன் செய்து பார்த்தாள். அவள் குரல் கேட்டதும் வைத்துவிடுவார். அவளும் அவருடைய அக்காள்தானே, ரோஷம் என்பது ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் வாய்க்குமா? விட்டுவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை அவர் வீட்டு போன் அடித்தது. எடுத்து ஹலோ என்றார். சத்தமே இல்லை. “ஹலோ, யாருங்க? பேசத் தெரியாதா?” என்று அதட்டினார். அதற்கப்புறம்தான் ‘டக்’ என்று ஏதோ விழுந்து, ஒரு பெண் குரல் வந்தது.

“வணக்கம் சார். சமுதாயக் கல்லூரி சேவைப் பிரிவுல இருந்து பேசறேன். லைப்ரரில வேலை பார்க்கறேன். தனியா இருக்கிற பெரியவங்களை—”

“நான் தனியாவும் இல்ல, பெரியவனும் இல்ல.”

“சரி சார். எழுந்தாச்சா?”

“எழுந்திருக்காம போனை எப்படி எடுத்தேன்?”

“அது போதும் சார்,” என்று வைத்துவிட்டாள்.

மறுநாளும் அடித்தது. “என் பேரை யாரு குடுத்தா? அந்த ஆபரேட்டரா?” என்று கேட்டார். “யாரு குடுத்தாங்கன்னு சொல்லக்கூடாதுங்கறது விதி சார்,” என்றாள். விதி என்ற சொல்லுக்கு டைம்கீப்பர் எப்போதும் மரியாதை கொடுப்பவர். மேலே கேட்கவில்லை. அவளாக இருக்காது என்று தீர்மானித்துக்கொண்டார். அப்படித் தீர்மானித்தால்தான் அழைப்பை வாங்கிக்கொள்ள முடியும். சில வாரங்களில் முகம் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கிற அளவுக்கு வந்தார். தெருவில் மட்டும், “காலேஜ்ல இருந்து தினம் போன். ஏதோ டைம்டேபிள் விஷயமா என்னைக் கேக்காம செய்ய மாட்டேங்கறாங்க,” என்று சொல்லிவைத்தார். ஒரே ஒரு குறைதான் அவருக்கு. ஹலோ சொன்னதும் பதில் வராது, கொஞ்சம் வெறுமனே இருந்துவிட்டுத்தான் வரும். “காலேஜ் லைன் சரியில்லம்மா, ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லு,” என்று அந்தப் பெண்ணிடம் பல முறை புகார் செய்தார். “சொல்றேன் சார்,” என்பாள்.

அக்காள் செத்த மறுநாள் காலை, ஹலோ சொல்லி முடிப்பதற்குள் குரல் வந்துவிட்டது. லைனைச் சரிசெய்துவிட்டார்கள் போல என்றுதான் முதலில் நினைத்தார்.

“சார், நான் என் சொந்த செல்லுல இருந்து பேசறேன். நின்னுக்கிட்டிருந்தா உக்காந்துக்கோங்க,” என்றாள் அவள்.

இதை அக்காள் மகளிடம் எப்படிச் சொல்வது? யாரும் இல்லாதவர்களுக்குச் செய்கிற போன் எனக்கும் வருகிறது, அதில் கேட்டுத்தான் வந்தேன் என்றா? அதற்கு, யாரும் கூப்பிடாமல் வந்தவன் என்றே இருந்துவிட்டுப் போகலாம்.

கல்லூரியிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சேவைப் பிரிவுப் பிள்ளைகள் பச்சை மேலங்கி போட்டுக்கொண்டு தண்ணீர் கொடுத்தார்கள், செருப்புகளைக் கூட ஒழுங்குபடுத்தி வைத்தார்கள். துக்க வீட்டை இவ்வளவு சுத்தமாக யாரும் பார்த்ததில்லை. பிரின்சிபால் ஒரு மலர்வளையத்தோடு வந்து, அதை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் மூன்று பேரைக் கேட்டு, தலைமாட்டில் வைத்தார். எல்லோருக்கும் ஆபரேட்டரம்மாவைப் பற்றிச் சொல்ல ஏதோ இருந்தது. என் மகள் பிரசவத்தப்போ, என் மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தப்போ என்று. டைம்கீப்பர் காலை மடக்கிக்கொண்டு, போகிறவர்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒருவரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் யார் என்று தெரிந்தால்தானே சொல்வார்கள்.

கடைசியில் ஒருவர் வந்தார். கையில் பேனா, காதில் இன்னொரு பேனா. செய்திமடல் போடுகிற டைப்பிங் வாத்தியார். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை.

“இரங்கல் குறிப்பு போடணும் சார். நீங்க அம்மாவுக்கு என்ன வேணும்?”

“தம்பி.”

வாத்தியாரின் முகம் மலர்ந்தது. தொலைந்த சாமான் கிடைத்தவர் போல. “ஓ! அந்தத் தம்பியா நீங்க! உங்களால அம்மாகிட்ட எவ்வளவு திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா?”

“என்னாலயா?”

“பேட்டில ‘ஒரே மகள், ஒரே தம்பி’ன்னுதான் சொன்னாங்க. மகள் வரிக் கடைசில சரியா உக்காந்துட்டா. தம்பி மட்டும் அடுத்த பக்கத்து உச்சில தனியாப் போய் நின்னுடுச்சு. அப்படி ஒண்டியா நின்னா பக்கம் பார்க்க நல்லா இருக்காது சார். தொழில் தெரிஞ்சவன் விட மாட்டான். எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டீங்க.”

“அடுத்த இதழ்ல திருத்தம் போடறதா வாக்குக் குடுத்தேன். அப்புறம் பாருங்க, அடுத்த இதழ்ல விளையாட்டு விழா வந்துடுச்சு.”

டைம்கீப்பருக்கு அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. கை எழவில்லை. உலுக்குவதென்றால் யாரை முதலில் உலுக்குவது என்ற கேள்வியும் வருகிறதல்லவா. வாத்தியார், “இந்தத் தடவை கண்டிப்பா வந்துடும் சார்,” என்று தைரியம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

“டீ குடிச்சீங்களா சார்?”

நிமிராமலேயே குரல் யாருடையது என்று தெரிந்தது. நாற்பது வயதுக் கண்ணாடிக்காரியாக அவர் கற்பனை செய்து வைத்திருந்தார். வந்து நின்றது சின்னப் பெண். அழுது மூக்கு சிவந்திருந்தது. டம்ளரை அவர் கையில் வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“உள்ள நடந்ததைக் கேட்டேன் சார். ரொட்டிக்கடை வாசல்ல நின்னாங்கன்னு சொன்னீங்களே.”

“நின்னா. பொய் இல்ல.”

“பொய் இல்ல சார். எனக்குத் தெரியும். அன்னைக்கு நீங்க போன் எடுக்கல.”

டைம்கீப்பருக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. அதற்கு முந்தின நாள் இந்தப் பெண்ணின் போன் தாமதமாக வந்தது. தாமதத்துக்குத் தண்டனை உண்டு. அதனால் அன்று போன் அடிக்க அடிக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்து, எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நிற்கும், மறுபடி அடிக்கும். ஓய்ந்த பிறகு திருப்தியாக எழுந்துபோய், ஜன்னலில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்தார். சோப்பு நுரையோடு நிமிர்ந்தபோதுதான் எதிரே அக்காள் நின்றிருந்தாள்.

“மூணு தடவை அடிச்சும் எடுக்கலைன்னா, பேர் குடுத்தவங்களுக்குச் சொல்லணும். அதுதான் விதி,” என்றாள் லைப்ரரிப் பெண். “சொல்றதுக்கு எனக்கு வேலையே இல்ல. உங்க பேரைக் குடுத்ததும் அவங்கதான், போர்டுல உக்காந்து டயல் பண்ணதும் அவங்கதான். ஹெட்போனைக் கழட்டிப் போட்டுட்டு ஓடினாங்க சார். போர்டுக்கு அடியில அவங்க செருப்பு கிடந்துது. வாசல்ல கிடந்த பியூன் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அவர் பாவம், மத்தியானம் வரைக்கும் வெறுங்காலோட ஃபைல் தூக்கினார்.”

டைம்கீப்பர் ஓரத்தில் வரிசையாக வைத்திருந்த செருப்புகளைப் பார்த்தார்.

“திரும்பி வந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினாங்க. என்னம்மா ஆச்சுன்னு கேட்டேன். ‘சவரம் பண்ணிக்கிட்டிருக்கான்’னு சொல்லிட்டுச் சிரிச்சாங்க. அவ்வளவு சிரிப்பு. அன்னைக்குப் பூரா எந்த லைனும் சரியா விழல, பிரின்சிபாலுக்கு வந்த போனைத் தையல் வகுப்புக்குக் குடுத்துட்டாங்க.”

டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப தினமும் டயல் பண்ணது...”

“எல்லா போனும் போர்டு வழியாத்தானே சார் போகும். அந்தப் பக்கம் ஆள் எடுத்ததும் எனக்குக் குடுக்கணும். மத்தவங்க நம்பரை உடனே குடுத்துடுவாங்க.” அவள் நிறுத்தினாள். இன்னும் சொல்லலாமா என்று யோசித்தது போல் இருந்தது. “லைன் சரியில்லன்னு நீங்க சொல்ற ஒவ்வொரு தடவையும் நான் அவங்ககிட்ட சொல்வேன். ‘சரியில்லாமலே இருக்கட்டும்’னுவாங்க. இதையெல்லாம் சொல்லக்கூடாது. ஆனா இனிமே எனக்கு யாரு மெமோ குடுக்கப் போறாங்க.”

வண்டி வந்து நின்றது. எடுக்கிற நேரம் ஆகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். டைம்கீப்பர் வாழ்நாளில் முதல்முறையாகக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அக்காள் மகள் தலையைத் தூக்கவில்லை. “இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா மாமா?”

“நான் சொன்னது தப்பு,” என்றார். கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் அதைக் கவனித்தார். ஆனாலும் குரலைத் தாழ்த்தவில்லை. “அவ மன்னிப்புக் கேக்க வரல. எனக்குத் தினம் காலேஜ்ல இருந்து போன் வரும். ஒண்டிக்கட்டைங்களுக்குப் பண்ற போன். அன்னைக்கு நான் எடுக்கல. வேணும்னேதான் எடுக்கல. நான் செத்துட்டேனோன்னு பார்க்க வந்தா.”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டைம்கீப்பர் உட்கார்ந்தார். நாற்காலி சின்னது, அவர் நெட்டை, முட்டி அக்காள் படுத்திருந்த கட்டிலில் இடித்தது. நகர்த்திக்கொள்ளவில்லை.

அடுத்த மாத மடலில் இரங்கல் குறிப்பு வந்தது. ‘மகளையும் தம்பியையும் கல்லூரிக் குடும்பத்தையும் விட்டுச் சென்றார்’ என்று இருந்தது. தம்பி இந்தத் தடவை வரிக்கு நடுவில், இரண்டு பக்கமும் ஆளோடு இருந்தார். அதே பக்கத்தில் பிரின்சிபால் வீட்டு நாய் காணாமல் போன செய்தியும் இருந்தது.

அக்காள் மகள் தன்னோடு வேலை பார்த்த ஒருவனைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். சாட்சிக் கையெழுத்துப் போடத் தாய்மாமன் போனார். அலுவலகத்தையே அவர்தான் திறக்கவைத்தார் என்று தெருவில் சொல்கிறார்கள், அவ்வளவு சீக்கிரம். பிறகு அந்த ஜோடி கடல் தாண்டி எங்கோ போய்விட்டது. அங்கே பொழுது விடிகிற நேரம் வேறு. அவள் பேசுகிறபோது இவர் தூங்கியிருப்பார், இவர் பேசுகிறபோது அவள் வேலையில் இருப்பாள். டைப்பிங் வாத்தியார் தன் மகன் இருக்கிற ஊருக்குப் போய்விட்டார். லைப்ரரிப் பெண் ஏ.சி. மெக்கானிக் வகுப்பு வாத்தியாரைக் கட்டிக்கொண்டு, அவருக்கு மாற்றல் ஆன ஊருக்குக் குடிபோனாள். ஒரு வருஷமாக நடந்த அந்தக் காதல் செய்திமடலுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அதில் எங்களுக்குக் கொஞ்சம் அவமானம்தான். பழைய போர்டைக் கழற்றிச் சாமான் அறையில் போட்டுவிட்டார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் நேராகக் கூப்பிடலாம்.

டைம்கீப்பருக்குக் காலையில் போன் செய்ய நர்சிங் வகுப்பு மாணவி ஒருத்தியை ஒதுக்கினார்கள். துறுதுறுப்பானவள், நேரம் தவறாதவள். அவர் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதல் நாள் காலை போன் அடித்தது. சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எடுத்து ஹலோ என்றார்.

“வணக்கம் சார்! எழுந்தாச்சா சார்?” என்று உடனே வந்தது.

“கொஞ்சம் இரும்மா.”

“ஏன் சார்? என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. லைன் சரியில்ல.”

“எனக்கு நல்லா கேக்குதே சார்.”

“கொஞ்சம் பேசாம இரு,” என்றார். பிறகு ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “ஹலோ, யாருங்க?” என்றார்.

அந்தப் பெண் பேசாமல் இருந்தாள்.